ஆயுத பூஜைக்கு லாரி ஓடாது

நாயைக் கூட்டிக்கொண்டு ராயபுரத்திலிருந்து வடக்கே நடந்து போவது என்று முடிவானதும் நான் முதலில் எடுத்துப் பார்த்தது தினசரி காலண்டரை. 2016ஆம் வருஷம். ஆவணி வரைக்கும் எங்கள் பக்கத்துத் தார் ரோட்டில் பத்து மணிக்கு மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஐப்பசி பிறந்துவிட்டால் மழை. முந்தின வருஷத்து மழை செய்துவிட்டுப் போனதை யாரும் மறந்திருக்கவில்லை. தீபாவளி அக்டோபர் 29. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தெருப் பையன்கள் சரத்தை உதிர்த்து ஒவ்வொன்றாகக் கொளுத்துவார்கள். எங்கள் டைசன் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால் கார்த்திகை தீபத்துக்குத்தான் வெளியே வரும். இதையெல்லாம் கழித்தால் கையில் நின்றது புரட்டாசிக் கடைசி. அதில் ஆயுத பூஜையும் விஜயதசமியுமாக அக்டோபர் 10, 11, திங்கள், செவ்வாய்.

ஆயுத பூஜையைப் பிடித்துக்கொண்டதற்கு லீவு மட்டும் காரணமில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வருஷங்களில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர்கள் திருவொற்றியூரையும் தாண்டி வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் ரோட்டோரத்திலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குளித்து, வரிசை நகர்ந்தால் மட்டும் ஏறி உட்காருவார்கள். அந்த ரோட்டில் மனுஷன் நடப்பதே பெரிய காரியம். வருஷத்தில் ஒரு நாள் அந்த வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி ஓரங்கட்டிவிடுவார்கள். அந்த ஒரு நாள் போதும் என்று கணக்குப் போட்டேன்.

யோசனை அக்கா மகனுடையது. பதினொன்றாம் வகுப்பு படித்தான். செல்போனில் வெளிநாட்டு வீடியோக்கள் பார்ப்பான். இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்து கிடக்கிற காட்டுப் பாதையில் ஒருத்தன் முதுகில் மூட்டை, அவனுடைய நாயின் முதுகிலும் இரண்டு பக்கமும் தொங்குகிற குட்டிப் பை. ராத்திரியானால் இரண்டு பேரும் கூடாரத்தில் தூங்குவார்கள்.

"இன்னா மாமா, நம்ம டைசன் மட்டும் கொறச்சலா? ஒரு நைட்டு தங்கிட்டு வர்ற மாதிரி நாமளும் போலாம் மாமா."

நம்ம ஊரில் கண்ணுக்குத் தெரிய இலை சிவக்கிற மரம் நாட்டு வாதுமை ஒன்று, அதுவும் தை மாசியில் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

டைசன் காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் கிடைத்த நாட்டு நாய். செம்மண் நிறம். எங்கள் பக்கம் குத்துச்சண்டைப் பைத்தியம் அதிகம். அக்கா வீட்டுக்காரர் இளவட்டத்தில் கிளவுஸ் மாட்டியவர், அவர் வைத்த பெயர். பெயருக்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை. சண்டை என்றால் அக்கா புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

பையன் முதலில் காட்டியது நாகலாபுரம் மலை. 2008இல் சென்னை ட்ரெக்கிங் கிளப் தொடங்கியதிலிருந்து நகரத்துப் பிள்ளைகள் சனி ஞாயிறானால் ஆந்திர எல்லைக் காடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் அது காப்புக்காடு. நாயை விடமாட்டார்கள், விட்டாலும் கூட்டிப்போவது சரியில்லை என்பது என் கட்சி. ஊர் நாய் உடம்பில் என்னென்னவோ இருக்கும். பின்னால் 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது அவற்றின் ரத்தத்தில் கண்டது நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸைத்தான்.

போவதற்கு வண்டியும் இல்லை. ரயிலில் நாயை ஏற்ற வேண்டுமானால் முதல் வகுப்பில் ஒரு கூபேயை முழுதாகப் பதிவு செய்ய வேண்டும், அல்லது கார்டு வண்டியில் இருக்கிற நாய்க்கூண்டில் அடைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் கூபேக்கு எங்கே போவது? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். டைசனுக்கு அதில் இடமில்லை. பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கேட்டேன். அவர் நாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். ஆகவே வாசல்படி இறங்கியதும் நடப்பது என்று ஆயிற்று.

அடுத்து பையன் ராயபுரத்திலிருந்து பழவேற்காடு லைட்ஹவுஸ் வரை கடலோரமாக ஒரு கோடு போட்டுக் கொண்டுவந்தான். அவன் போட்ட கோட்டில் கடல் இருந்தது, ஓரம் இல்லை. வங்கக்கடலில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1870களில் துறைமுகத்துக்குக் கல் போட்டுக் கடலுக்குள் கையை நீட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கத்திலேயே தங்க ஆரம்பித்தது. எங்களுக்கு வர வேண்டிய மணலில்தான் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறார்கள். இங்கே கரை கரைந்து, தெருக்கள் போய், வீடுகள் போய், கடைசியில் கருங்கல்லைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். மனுஷன் அந்தக் கல்லில் தாவிப் போய்விடலாம். நாயின் கால் சந்தில் மாட்டினால் எலும்பு போய்விடும்.

சரி, கல்லைத் தாண்டி எண்ணூர் போய்விட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற முகத்துவாரம். அதற்கு வடக்கே 2001இலிருந்து காமராஜர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், நடுவில் அனல்மின் நிலையம், நிலக்கரி, மதில். இதையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் பழவேற்காடு பறவைகள் சரணாலயம். தரையில் மேய்கிற, தரையிலேயே முட்டை வைக்கிற பறவைகள் இருக்கிற இடத்தில் நாய் எதையும் கடிக்க வேண்டியதில்லை, பக்கத்தில் நடந்தாலே போதும், அத்தனையும் எழுந்துவிடும். தை மாசியில் பங்குனி ஆமை கரையேறி மணலில் முட்டையிடும் கரையும் அதுதான். அந்த முட்டைகளைத் தோண்டித் தின்பதில் ஊர் நாய்க்கு முதல் பரிசு கொடுக்கலாம்.

ஆக, தாழங்குப்பம் வரை. ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அங்கே பையனுடைய அப்பாவைப் பெற்ற ஆயா வீடு இருக்கிறது.

"அப்போ டென்டு?"

"ஆயா வீட்டு மொட்டை மாடி."

அவன் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு டைசனை ஆட்டோவில் கொண்டுபோனோம். 1903இல் தொடங்கிய கல்லூரி. வடசென்னைக்காரர்களின் மாடு, ஆடு, நாய், சண்டைச் சேவல் எல்லாம் காலங்காலமாகப் போகிற இடம். நிறுத்துப் பார்த்ததில் 18 கிலோ. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மறுபடி போட்டார்கள். மழைக்காலம் வருகிறது, எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வரும் என்று அதற்கும் ஒரு ஊசி. காது மடலைப் புரட்டி உண்ணி இருக்கிறதா என்று பார்த்தார் டாக்டரம்மா. நாங்கள் நடந்து போகிற சங்கதியைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காதுங்க. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். உங்களுக்குக் கால் வலிச்சா உக்காந்துடுவீங்க. அது உக்காராது. நீங்க போற வரைக்கும் வரும், அப்புறம் விழும்."

அதற்குப் பிறகு சொன்னவை எல்லாம் கணக்கு. சும்மா இருக்கிற நாய்க்கே கிலோவுக்கு ஐம்பது அறுபது மில்லி தண்ணீர் ஒரு நாளைக்கு வேண்டும்; நடந்தால் இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பார்க்க வேண்டும், நம்மால் தாங்க முடியாவிட்டால் நாயை நடத்தக்கூடாது. வயிறு நிறையப் போட்டு உடனே நடக்க வைக்கக்கூடாது. கடல் தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது. மாத்திரை எதையும், முக்கியமாக நாம் காய்ச்சலுக்குப் போடுவதை, நாமாகக் கொடுக்கக்கூடாது. பையன் எல்லாவற்றையும் கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினான்.

கடலோடிகளிடம் கேட்டபோது அந்தப் பட்டியலில் டாக்டரம்மா சொல்லாத ஒன்று சேர்ந்தது. பேத்தை மீன். வலையில் வந்தால் வேண்டாத மீனென்று கரையில் வீசிவிடுவார்கள், ஊதிக்கொண்டு கிடக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கிற விஷம் ஆளையே கொல்லும், நாய் எம்மாத்திரம். கெளுத்தி முள்ளும் திருக்கை முள்ளும் வேறு. கரையில் இறங்கினால் கயிறு கையை விட்டுப் போகக்கூடாது என்பது காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் ஒரே நிபந்தனை.

நாய்க்குப் பை தைக்கிற விஷயத்தில் பையன் விடுவதாக இல்லை. போட்டுக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒருவரிடம் போய் அளவெல்லாம் கொடுத்துவிட்டான். தைப்பவர் ஆர்வத்தோடு ஆறு பித்தளைக் கண்ணி வைத்துத் தைத்துத் தந்தார். பை மட்டுமே இரண்டு கிலோவுக்குக் குறையாது. பழகாத நாய் தன் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சுமக்கலாம் என்று அவன் பார்த்த வீடியோவிலேயே சொல்லியிருந்தார்கள். வெறும் பைக்கே கணக்குத் தாண்டிவிட்டது. அது இப்போது அக்கா வீட்டில் வெங்காயம் போட்டுவைக்கிற பை.

சாமான்கள் என் முதுகில் ஏறின. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், அலுமினியத் தட்டு, பழைய பனியன் துணி, காயத்துக்கு மருந்து, முள் எடுக்கிற இடுக்கி, கோணி ஒன்று. டைசனுக்கு முதல் வேளைக்கு அவித்த முட்டை, உப்பில்லாத சோறு, வேகவைத்த மத்தி. புரட்டாசியில் பாதிச் சென்னை கவிச்சியை நிறுத்திவிடுவதால் காசிமேட்டில் மீன் விலை இறங்கும். அந்த மாசத்தில் எங்கள் வீட்டில் நாய்க்கும் ராஜ சாப்பாடு.

இதற்குள் ஒரு ராத்திரி டிவிஎஸ் ஃபிப்டியில் போய் வழியைப் பார்த்துவந்தோம். பார்த்தது வழியை என்று சொல்ல முடியாது, வழியில் இருக்கிற நாய்களை. ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எல்லை. மார்கழிக்குப் பேர் போனவை என்றாலும் எங்கள் பக்கத்து நாய்கள் புரட்டாசியிலேயே முறுக்கிக்கொண்டு திரிகின்றன. மீன் மார்க்கெட் நாய்கள் தின்று கொழுத்தவை, குரைப்பதோடு சரி. லாரி யார்டு நாய்கள்தான் ஆபத்து. காவலுக்கு என்று சோறு போட்டு வளர்த்தவை. தாத்தா காலமாக இருந்தால் இந்தக் கணக்கே வேண்டியிருந்திருக்காது. மாநகராட்சி வண்டி சுருக்குப் போட்டுப் பிடித்துப் பேசின் பிரிட்ஜுக்குக் கொண்டுபோகும், அவை திரும்பி வராது. 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று 1964லேயே சொல்ல ஆரம்பித்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. நான் சின்ன வயதில் அந்த வண்டிச் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறேன், ஆகவே தெருமுனையில் எத்தனை நாய் நின்றாலும் எனக்கு அதில் பெரிய குறை தெரிவதில்லை. ஒரு பை நிறையப் பொறை வாங்கிக்கொண்டோம். பையன் அதற்கு டோல்கேட் காசு என்று பெயர் வைத்தான்.

அக்டோபர் 10 விடிகாலை நாலரைக்குக் கிளம்பிக் கல்மண்டபம் தாண்டிப் போனோம். டீக்கடைகளில் முதலமைச்சர் உடம்பைப் பற்றித்தான் பேச்சு. அப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறினதும் நான் போட்ட கணக்கு பலித்தது. ஒரு சில வண்டிகள் ஓடத்தான் செய்தன. மற்றபடி டிரெய்லர்கள் எல்லாம் ஓரமாக நிற்க, கிளீனர்கள் குடத்தில் தண்ணீர் மொண்டு டயரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரோடு முழுக்க ஈரம், குளிர்ச்சி. டைசன் நின்று நின்று ஒவ்வொரு டயரையும் மோந்து பார்த்தது. விசாகப்பட்டினத்து நாயும் தூத்துக்குடி நாயும் விட்டுப்போன சேதி அதிலெல்லாம் இருந்திருக்க வேண்டும். அதற்குப் போன நேரம் என் திட்டத்தில் இல்லை.

வெயில் ஏறுமுன் திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளியே ஓரமாக உட்கார்ந்து தட்டில் தண்ணீர் ஊற்றினேன். நாய் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே பையனுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். பட்டினத்தாரின் சீடர் பத்திரகிரியார் ராஜாவாக இருந்து எல்லாவற்றையும் துறந்து வந்தவர். திருவிடைமருதூர்க் கோயிலில் குரு ஒரு வாசல், சீடர் ஒரு வாசல் என்று உட்கார்ந்திருந்தார்கள். சீடரிடம் பிச்சை வாங்க ஒரு ஓடு. அந்தச் சோற்றுக்கு ஒட்டிக்கொண்ட ஒரு நாய். பிச்சை கேட்டு வந்தவனிடம் பட்டினத்தார், நான் ஆண்டி, அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள் என்று அனுப்பிவிட்டார். ஓடும் நாயும் வைத்திருக்கிறானே, சம்சாரி இல்லாமல் என்ன? சீடருக்குச் சுருக்கென்றது. ஓட்டைத் தூக்கி எறிந்தார். அது நாயின் மேல் பட்டு நாய் செத்தது.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நாய் இன்னா பண்ணிச்சு மாமா? திட்டுனது குருநாதரு. அவரு மேல எறியாம இதும்மேல எறிஞ்சிக்கினு."

அந்த நாய் அடுத்த பிறவியில் ராஜகுமாரியாகப் பிறந்ததாகக் கதை மேலே போகிறது. அவன் அதைக் கேட்டுக்கொள்ளத் தயாராக இல்லை. எனக்கும் பத்திரகிரியாரைவிட அவருடைய நாயின் மேல்தான் எப்போதும் ஒரு கண். அரண்மனைச் சோறு தின்று பழகியவரோடு பிச்சைச் சோற்றுக்கும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அலுமினியத் தட்டைக் கழுவிக் கேனில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். நாய் வைத்திருக்கிறவன் சம்சாரி என்பதில் சந்தேகமில்லை. எட்டு கிலோ முதுகில் ஏறியிருந்தது.

எர்ணாவூர் தாண்டும்போது புறங்கைப் பரீட்சையில் ரோடு தோற்றுவிட்டது. எட்டரைகூட ஆகவில்லை. மரம் இருக்கும் என்று நான் குறித்துவைத்திருந்த இடத்தில் ரோடு அகலம் பண்ணுவதற்கு வெட்டியிருந்தார்கள். ஒரு நீளமான டிரெய்லர் பூஜை முடிந்து, முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தோடு நின்றது. கிளீனர்ப் பையன் ஒடிசாக்காரன். கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டான். வண்டியை இன்றைக்கு எடுக்கமாட்டார்கள் என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அடியில் கோணியை விரித்தோம். நாற்பதடி நிழல். கடல் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போயிற்று. அந்த ரோட்டில் இத்தனை நாள் திட்டிக்கொண்டே கடந்த வண்டிக்கு அடியில் நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். டிரைவர் பொரியும் கடலையும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்தார். டைசன் பொரியை முதலில் தும்மிச் சிதறடித்தது, பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. ரோட்டில் உடைத்திருந்த பூசணிக்காயைத் தின்னப் பாய்ந்தபோது மட்டும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. உள்ளே குங்குமமும் சில்லறையும்.

நாலு மணிக்கு மேல் மறுபடி நடை. எண்ணூரை ஒரு காலத்தில் மதராஸ் துரைமார் பங்களா கட்டி, படகு விட்டு, இளைப்பாறப் போகிற ஊராக வைத்திருந்தார்கள். பையன் நம்பவில்லை. நம்பும்படியாக எதுவும் கண்ணில் படவுமில்லை. முகத்துவாரத்தில் இறால் வலை காய்ந்துகொண்டிருந்தது. அக்கரையில் மின்நிலையப் புகைபோக்கிகள், நிலக்கரி இறக்கும் கிரேன்கள். ஆற்றின் ஓரத்தில் கால் வைத்தால் சாம்பல் படிந்த சேறு கணுக்கால் வரைக்கும் வாங்கியது. டைசனை இறங்க விடவில்லை. படகுக்காரர் ஒருவர் அக்கரைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். அங்கே போய் என்ன பார்ப்பது என்று கேட்டேன். "செவுரு" என்றார்.

ஆயா வாசலிலேயே நின்றிருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஆற்றில் நண்டும் மடவையும் கிடைத்த அளவைக் கையால் காட்டுவார், கை எப்போதும் தோளுக்கு மேலே போகும். நாய்க்கு மீன் கழுவின தண்ணீரில் சோறு பிசைந்து வைத்தார். எனக்கு உப்பு பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. மொட்டை மாடியில் பையன் போர்வையைக் கயிற்றில் போட்டுக் கூடாரம் என்று ஒன்று செய்து அதற்குள் தூங்கினான். டைசன் அதற்குள் போகவில்லை. ஆயாவின் பாயோரத்தில் படுத்தது.

திரும்பும்போது நடக்கவில்லை. ஐஸ் பெட்டி ஏற்றிக் காசிமேடு போகிற குட்டியானையில் மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்து வந்தோம்.

அந்த வருஷம் பருவமழை பொய்த்துவிட்டது. டிசம்பரில் வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. இந்த நடையைப் பையன் முதலில் குடியரசு தின லீவில்தான் போகலாம் என்றிருந்தான். அந்த லீவு கழிந்து இரண்டே நாளில், 2017 ஜனவரி 28இல், எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர் கரையெல்லாம் எண்ணெய். அவன் நண்பர்களோடு போய் வாளியில் அள்ளினான். நாயை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டுப் போனான். ராத்திரி வந்து தேங்காயெண்ணெய் போட்டுக் கையைத் தேய்க்கத் தேய்க்க நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை, டைசன் அந்தக் கையைப் பக்கத்தில் விடவில்லை.

அடுத்த புரட்டாசிக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோது ஆயா போனில் இருந்தார். திருவொற்றியூர் வரைக்கும் தான் பஸ்ஸில் வந்துவிடுவதாகவும், பட்டினத்தார் கோயிலில் இருந்து எங்களோடு நடப்பதாகவும் சொன்னார். வெயில் ஆகாது ஆயா, தண்ணி கேன் வேற இருக்கு என்று இழுத்தேன்.

"நாய்க்கு ஊசி போட்டு, அளவு பாத்து, தண்ணி தூக்கிக்கினு வர்றீங்க இல்ல? எனக்கும் ரெண்டு லிட்டரு சேத்துத் தூக்கு" என்றார்.

பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.